ஒரு தொட்டித் தண்ணீரில் அலசிய பைகள்

சகலை,

நான்கு துணிப் பைகளை மறுபடி அலசிக் கொடியில் காயப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவியும் வாசம் போகவில்லை. ஈரத் துணியும் பழைய மண்ணும் வேர் மக்கிய புளிப்பும் சேர்ந்த அந்த வாசம் உங்களுக்குத் தெரியும். ஏறக்குறைய நாற்பது வருடம் அதை முகராமல் இருந்தேன். முகர்ந்ததும் உங்கள் முகம்தான் வந்தது. அதுவும் நல்ல முகம் இல்லை, கடைசி நாள் முகம்.

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. உயிரோடு இருந்தபோது ஒரு வார்த்தை பேசாதவன் இப்போது கடிதம் எழுதுகிறானே என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். ஆனால் நாம் பேசாமல் போனதற்கு நான் மட்டும் காரணம் இல்லை. இதை முதலில் எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது, எழுதிவிட்டேன்.

தருமபுரியில் மகள் வீட்டில் இருக்கிறோம், நானும் சகாயமேரியும். மகள் போன வருடம் மொட்டைமாடியில் செடி வைக்க எட்டுக் கறுப்புத் துணிப் பைகள் வாங்கினாள். கம்பளி போலத் தடித்த துணி, தூக்குவதற்கு இரண்டு பக்கமும் காது. தக்காளியும் கத்தரியும் வைத்தாள். ஒரு கோடையோடு எல்லாம் காய்ந்தது. பைகளின் வெளிப்பக்கம் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. இந்த ஊர் உப்புத் தண்ணீர் என்றைக்குத்தான் மாறியது? குப்பை வண்டிக்குப் போட மூலையில் குவித்து வைத்திருந்தார்கள். நான் போய் ஒவ்வொன்றாக எடுத்து உதறினேன். மருமகன் பார்த்துவிட்டார்.

"மாமா, அதெல்லாம் ரெண்டு சீசன்தாங்க வரும். எதுக்கு இந்த வயசுல கை வலிக்கத் தேச்சிகிட்டு?"

"துணி கிழிஞ்சிருக்கா?"

"இல்லீங்க."

"தையல் விட்டிருக்கா?"

"இல்லீங்க மாமா."

"சட்டை அழுக்கானா குப்பையில போடறீங்களா?"

அவர் இறங்கிப் போய்விட்டார். நல்ல பிள்ளை. கீழே சகாயமேரி மகளிடம் சொன்னது எனக்குக் கேட்டது. "செத்தவரோட சண்ட போட உங்கப்பாவுக்கு கோணி கெடச்சிருச்சி. இனி ஆள பிடிக்க முடியாது."

எந்தச் சண்டை என்று மகள் கேட்டாள். அவளுக்கு அன்றுதான் சொன்னேன். எண்பதுகளின் நடுவில், மொரப்பூருக்குப் பக்கத்தில், உங்களுக்கும் எனக்கும் மாமனாரான அந்தப் பெரியவரின் நிலத்தில், அக்கா தங்கையைக் கட்டிய நாம் இருவரும் சேர்ந்து வளர்த்த ஒட்டு மாங்கன்றுகள் ஒரே மாதத்தில் கருகின. கொன்றது நான் கழுவிய கோணிப் பை என்று நீங்கள் சொன்னீர்கள். நீங்கள் கொண்டுவந்த ஏரி வண்டல் என்று நான் சொன்னேன். அன்றோடு பேச்சு நின்றது.

"இதுக்கா நாப்பது வருஷம்?" என்றாள் மகள். அவளுக்கு என்ன தெரியும்?

வயதில் நான் உங்களுக்கு இரண்டு வருடம் மூத்தவன். ஆனால் மூத்தவளான லூர்துமேரியை நீங்கள் கட்டினீர்கள், இளையவளை நான் கட்டினேன். அதனால் மூத்த மருமகன் நீங்கள். கோயில் திருநாளில் மாமனார் முதலில் உங்களுக்குத்தான் வேட்டி கொடுப்பார். பந்தியில் முதல் இலை உங்களுக்கு. 'வாங்க சகல, போங்க சகல' என்று நான் சொன்னது முறைக்காக. நீங்கள் எனக்கு அதையே சொன்னது மரியாதைக்காக. இந்த வித்தியாசம் என்னை உறுத்தியது உங்களுக்குத் தெரிந்திருக்காது. நீங்கள் பத்தாவது வரை படித்தவர். நான் மூன்றாவதோடு நின்று, கடையில் பொட்டலம் கட்டிய காகிதத்தை எல்லாம் பிரித்துப் பிரித்துப் படிக்கக் கற்றவன்.

எனக்கென்று ஒரு பெருமை இருந்தது. நான் பக்கத்து ஊரில் என் அப்பன் கட்டிய வீட்டில் இருந்தேன். காலையில் சைக்கிளில் வந்து மாலையில் திரும்பிப் போவேன். உங்கள் பக்கத்தில் நிலம் இல்லாததால் நீங்கள் மாமனார் வீட்டோடு இருந்தீர்கள்.

கோணியில் கன்று வைக்கிற யோசனை உங்களுடையது. அதை நான் என்றைக்கும் மறுத்ததில்லை. மொரப்பூர் ஸ்டேஷனில் மூட்டை இறக்கப் போன நாட்களில் கிழிந்த கோணிகளைக் கேட்டு வாங்கி வந்தீர்கள். கோணி ஊசியும் சணலும் எடுத்துக்கொண்டு வேப்ப மரத்தடியில் உட்கார்ந்தீர்கள். அடியை இறுக்கித் தைத்து, பக்கத்தை மட்டும் சங்கிலித் தையலாகப் போட்டீர்கள். கன்று வாங்குகிறவர் குழிக்குப் பக்கத்தில் வைத்து நூலின் நுனியைப் பிடித்து இழுத்தால் சரசரவென்று பிரியும். வேர் கலையாமல் மண்கட்டியோடு கன்று குழியில் இறங்கும், கோணி நம்மிடம் திரும்பி வரும். பையைத் திருப்பிக் கொண்டுவருகிறவருக்கு அடுத்த முறை நல்ல கன்றாகப் பொறுக்கிக் கொடுப்போம். அதனாலேயே ஒருவரும் பையை வைத்துக்கொண்டது கிடையாது.

அரசாங்க நாற்றங்காலில் அப்போதே கறுப்பு பாலிதீன் பை வந்துவிட்டது. நீங்கள் அதைத் தொடக்கூட இல்லை. "அதுல வேரு மூச்சு முட்டிப் போயி உள்ளயே சுத்திகிட்டு கெடக்குங்க சகல. கோணியில அப்படி இல்ல. வெளிய எட்டிப் பாக்கும், காத்து பட்டதும் அங்கயே நின்னுக்கும்" என்றீர்கள். மகள் வாங்கிய பையில் ஒரு சீட்டு இருந்தது. படிக்கச் சொன்னேன். வேர் காற்றுப் பட்டுத் தானே நிற்கும், சுற்றிக்கொள்ளாது என்று அதில் போட்டிருக்கிறதாம். எரிச்சலாக வந்தது. நாற்பது வருடம் கழித்தும் உங்கள் பக்கம் பேச ஒரு சீட்டு வந்து சேர்கிறது.

நீங்கள் தைத்தீர்கள், மண் கலந்தீர்கள். பெண்கள் இருவரும் மண் நிரப்பித் தண்ணீர் ஊற்றினார்கள். கழுவுவது என் வேலை. அதில் நான் யாருக்கும் சளைத்தவன் இல்லை. திரும்பி வந்த பையை ஈரத்தோடு தேய்க்கக்கூடாது, சேறு இழைக்குள் ஏறிக்கொள்ளும். நன்றாகக் காயவிட்டு உள்புறம் வெளியே திருப்பிப் புளிய விளாரால் அடித்தால் மண் தூளாகக் கொட்டும். ஒட்டிய சல்லி வேர்களைத் தேங்காய் நாரால் ஒரே திசையில் இழுக்க வேண்டும். எதிர்த் திசையில் இழுத்தால் கோணி இழையும் கூடவே வரும். இதெல்லாம் யாரும் சொல்லிக் கொடுத்து வந்ததில்லை, கை பழகி வந்தது.

இரண்டாம் வருடம் கன்றுகளுக்கு வேர் அழுகல் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? பழைய பையில் இருந்த பூஞ்சாணம் புதுக் கன்றுக்கு ஏறுகிறது என்று நான்தான் கண்டுபிடித்தேன். வேளாண்மை ஆபீசில் கொடுத்த கையேடு ஒன்றை எழுத்துக் கூட்டிப் படித்து, கொதிநீரில் போட்டால் போகும் என்று தெரிந்துகொண்டேன். சலவைச் சோடா சேர்த்தது என் யோசனை. பெரிய அண்டாவில் தண்ணீர் கொதிக்க, இரண்டு கை சோடா போட்டு, பைகளை முக்கி வேகவைத்து, பிறகு மூன்று தண்ணீரில் அலசிப் பாறைமேல் காயப்போட்டேன். அடுத்த வருடம் ஒரு கன்றுக்கும் அழுகல் இல்லை. மாமனார் எல்லார் முன்னும் சொன்னார், "சின்னவரு கை பட்டா கோணிக்கும் நோவு தீருது." எனக்கு அவர் கொடுத்த முதல் இலை அதுதான்.

அப்புறம் மழை பொய்க்கத் தொடங்கியது. ஒரு வருடம் இல்லை, இரண்டு வருடம் இல்லை. மூன்றாம் வருடம் கிணற்றில் வாளி அடிமண்ணைத் தட்டியது. ஊர்ப் பெண்கள் குடத்தோடு நம் கிணற்றுக்குத்தான் வந்தார்கள். அங்கேயே நான் அண்டாவை அடுப்பில் ஏற்றினேன்.

"குடிக்கத் தண்ணி இல்லாம நாக்கு வறண்டு கெடக்குது. இவரு கோணிக்கு வெந்நீர் வச்சிக் குளிப்பாட்டறாரு. சாம்பிராணி போடலயாங்க?" என்றாள் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். என் காது சூடேறியது இன்னும் நினைவிருக்கிறது.

நீங்கள் அன்று சாயங்காலம் வந்து பக்கத்தில் நின்றீர்கள்.

"இந்த வருஷம் கொதிக்க வைக்க வேணாங்க சகல. அடிச்சிப் பாறையில போட்டு நாலு நாள் திருப்பித் திருப்பிக் காய விடுவோம். இந்த வெயில்ல நானே செத்துருவன் போல இருக்குது, பூஞ்சாணம் சாவாதா?"

"கையேட்டுல கொதிக்க வைக்கணும்னுதான் போட்டிருக்குதுங்க."

"எந்த ஊரு தண்ணியில கொதிக்க வைக்கணும்னு போட்டிருக்குதா?"

"ஏங்க, தீர்த்தமலைக்குப் போயி தீர்த்தம் கொண்டாந்து ஊத்தட்டுமா? அப்ப ஒத்துக்குவீங்களா?"

நீங்கள் சிரித்தீர்கள். "சரி, உங்க இஷ்டம். ஆனா பத்துப் பைய மட்டும் எனக்குக் குடுங்க. நான் தண்ணி காட்டாம வச்சிப் பாக்கறன்" என்றீர்கள். கொடுத்தேன்.

பெண்கள் சிரித்த சிரிப்பு எனக்குள் உட்கார்ந்துவிட்டது. தண்ணீரை மிச்சப்படுத்த வேண்டும், ஆனால் கொதிக்க வைப்பதை விட முடியாது. அதை விட்டால் என்னிடம் வேறு என்ன இருந்தது? அதனால் அலசுவதைக் குறைத்தேன். மூன்று தண்ணீர் ஒரு தண்ணீர் ஆனது. ஒரே தொட்டித் தண்ணீரில் அந்த வருடத்துப் பைகள் எல்லாவற்றையும் முக்கி எடுத்தேன். கடைசிப் பைகள் வரும்போது தொட்டியில் கிடந்தது தண்ணீரா, சோடாக் கரைசலா என்று நான் பார்க்கவில்லை. அதற்குப் பெயர் அலசல் என்று சொல்லிக்கொண்டேன்.

கன்றுகளை வைத்து மூன்று வாரத்தில் இலையின் ஓரம் பழுப்பானது. நெருப்பில் காட்டிய காகிதம் மாதிரி ஓரத்திலிருந்து உள்ளே ஏறியது. மாதம் முடிவதற்குள் பந்தலுக்கு அடியில் வரிசை வரிசையாகக் குச்சிகள்தான் நின்றன. அரூர்ப் பக்கத்துத் தோட்டக்காரர் மழை வந்தால் நட்டுவிடலாம் என்று டிராக்டரோடு கன்று எடுக்க வந்த நாளில், நாம் அவருக்குக் காட்ட உங்கள் பத்துக் கன்றுகள் மட்டும் பச்சையாக நின்றன.

அந்தப் பத்தும் மர நிழலில் இருந்தன என்றேன் நான். ஏரி வண்டலை நீங்கள் அளவுக்கு மேல் கலந்தீர்கள், வற்றிய ஏரியின் அடிமண்ணில் உப்பு இருக்கும் என்றேன். அந்தப் பத்திலும் அதே வண்டல்தான் என்றீர்கள். அப்புறம் ஒரு செத்த கன்றின் பையைப் பிரித்து, வெள்ளை படிந்த ஓரத்தை என் முகத்துக்கு நேராக நீட்டினீர்கள்.

"நாக்குல வச்சிப் பாருங்க சகல. நான் பாத்துட்டன். நீங்களும் ஒருக்கா பாத்துட்டா நான் வேற ஒண்ணும் பேச மாட்டன்."

மாமனார் நின்றார். அக்காளும் தங்கையும் நின்றார்கள். தோட்டக்காரரும் அவருடைய டிரைவரும் நின்றார்கள். அத்தனை பேர் முன்னால் நான் கோணியை நாக்கில் வைக்க வேண்டுமா?

"உங்க வண்டல மொதல்ல நீங்க தின்னு பாருங்க" என்றேன்.

நீங்கள் குனிந்து, குவித்திருந்த வண்டலில் ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டு, மெதுவாக மென்று துப்பினீர்கள். "மண்ணுதாங்க. உப்பு இல்ல." சொல்லிவிட்டுப் பையை மறுபடி நீட்டினீர்கள்.

டிரைவர் சிரித்துவிட்டான். நான் பையை வாங்கவில்லை. பதிலுக்கு ஒன்று சொன்னேன். வாய்க்கு வந்தது, சண்டையில் எல்லாரும் சொல்வது மாதிரி ஒன்று. உங்கள் கை அப்படியே கீழே இறங்கியது. பையைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்குள் போனீர்கள். அந்த வாரமே லூர்துமேரியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஓசூருக்குப் போய், ஒரு தொழிற்சாலையில் வாட்ச்மேனாகச் சேர்ந்தீர்கள். நாற்றங்கால் அதோடு முடிந்தது. தைக்க ஆள் இல்லாத கோணியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

தோற்றவர் ஓடிப்போனார் என்று நான் ஊரில் சொன்னேன். உங்கள் பக்கம் நியாயம் இருந்தால் நின்று பேசியிருக்க வேண்டியதுதானே என்று இத்தனை வருடமும் சொல்லிவந்தேன்.

அக்காளும் தங்கையும் நம்மைச் சட்டை செய்யவில்லை. அவர்கள் கடிதம் எழுதிக்கொண்டார்கள், பிறகு போனில் பேசிக்கொண்டார்கள். கல்யாணங்களில் நாம் ஒரே வரிசையில் உட்கார வேண்டியிருந்தது. ஒரு கல்யாணத்தில் நீங்கள் ரச வாளியோடு என் இலைக்கு முன்னால் வந்து நின்று, என்னைப் பார்க்காமல் பக்கத்தில் இருந்த சகாயமேரியைக் கேட்டீர்கள்: "உங்க வூட்டுக்காரருக்கு ரசம் வேணுமான்னு கேட்டுச் சொல்லும்மா." நான் அவளிடம், "கொஞ்சமா ஊத்தச் சொல்லு" என்றேன். "ரெண்டு பேருக்கும் வாயில என்னா, கோணி தச்சி வச்சிருக்குதா?" என்று அவள் சத்தம் போட்டாள். பந்தியே திரும்பிப் பார்த்தது. நீங்கள் நிறையவே ஊற்றினீர்கள்.

மாமனார் இறந்தபோது வந்தீர்கள். தூக்கினீர்கள், கல்லறை வரை நடந்தீர்கள். ஆனால் அந்த வீட்டில் ஒரு வாய் சாப்பிடவில்லை. பஸ் நிற்கும் இடத்தில் டீக்கடையில் டீயில் பன்னைத் தொட்டுத் தின்றுகொண்டிருந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். "பாரு, ஓசூருக்குப் போனவருக்கு மாமனார் வூட்டுச் சோறு எறங்கல" என்று சகாயமேரியிடம் சொன்னேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். வழக்கமாக ஏதாவது திருப்பிச் சொல்பவள்.

எட்டு மாதத்துக்கு முன் உங்கள் சாவுக்கு நானும் ஓசூர் வந்தேன். வீட்டுக்குள் வரவில்லை, தெருவில் நின்றேன். மண் போட்டேன். பஸ் ஏறினேன். வழியெல்லாம் ஒரே எரிச்சல். கொன்றது உங்கள் வண்டல்தான் என்பதை இனி யாரிடம் நிரூபிப்பது?

அந்த எரிச்சல்தான் என்னை மொட்டைமாடிக்கு ஏற்றியது. நிரூபித்தே தீருவது என்று முடிவு செய்தேன். எட்டுப் பைகளையும் காயவிட்டு அடித்து வேரை இழுத்தேன். நான்கை என் முறைப்படி பழைய அலுமினியப் பானையில் சோடா போட்டுக் கொதிக்க வைத்து, ஒரே வாளித் தண்ணீரில் முக்கிக் காயவைத்தேன். மகள் கடையில் வாங்கிய நல்ல மண்ணை அதில் நிரப்பினேன். மற்ற நான்கையும் உங்கள் முறைப்படி தண்ணீர் காட்டாமல் நாலு நாள் வெயிலில் திருப்பித் திருப்பிப் போட்டேன். மொரப்பூரிலிருந்து வரும் பால்காரரிடம் சொல்லி அந்த ஏரியின் வண்டலையே ஒரு மூட்டை வரவழைத்து அதில் கலந்தேன். எட்டிலும் மிளகாய் நாற்று வைத்தேன். தண்ணீர் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு, வெயிலும் அப்படியே. இந்த முறை நிழல் என்று யாரும் சொல்ல முடியாது.

ஒரு நாளில் ஐந்து தடவை ஏறினேன். முட்டி வலிக்கிறது என்று மகள் திட்டினாள். வண்டல் வரிசை வாடுகிறதா என்று பார்க்கத்தான் ஏறினேன், மறைக்க என்ன இருக்கிறது?

மூன்றாம் வாரம் என் வரிசையின் இலை ஓரத்தில் பழுப்பு வந்தது. கிட்டே குனிந்து பார்த்தேன். அதே பழுப்பு. ஒரு மாதத்தில் நான்கும் காய்ந்தன. வண்டல் வரிசையில் நான்கும் பூ விட்டன. சகாயமேரி மேலே வந்து பார்த்தாள். கேலி செய்வாள் என்று காத்திருந்தேன். "காப்பி ஆறிப் போவுது, வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

இரண்டு நாள் என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. கருகிய நான்கு பைகளையும் காலிசெய்தேன். அவற்றை மழைத் தண்ணீர் பிடித்து மூன்று முறை அலசினேன். அது போதாது என்று தோன்றியது. மூன்றாம் நாள் காலை கிருஷ்ணகிரி வழியாக ஓசூருக்குப் பஸ் ஏறினேன். நானும் வருகிறேன் என்றவளை வேண்டாம் என்றேன். இது நான் தனியாகச் சொல்ல வேண்டியது. கோணி விஷயத்தில் நான்தான் தப்பு, கன்றுகளைக் கொன்றது என் சோடா, அவர் சொன்னதே சரி. இதை வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். என்னைப் போல ஒருவன் இதைச் சொல்வது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்கே மலைப்பாக இருந்தது. லூர்துமேரி அழுவார், இதை அவர் உயிரோடு இருந்து கேட்டிருக்கக் கூடாதா என்பார் என்று நினைத்தேன்.

உங்கள் வீடு சின்னதுதான். இரண்டு அறை. வாசலில் நீங்கள் வைத்த செம்பருத்தி இரண்டு பழைய சாக்கில் நிற்கின்றன. லூர்துமேரி என்னைப் பார்த்துத் திகைத்து, "வாங்க மாப்ள" என்று நாற்காலி போட்டார். உட்கார்வதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

"எந்தக் கோணிங்க?" என்றார் அவர்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மறுபடி முழுதாகச் சொன்னேன். அண்டா, தொட்டி, சோடா. அவர் பொறுமையாகக் கேட்டார்.

"கன்னு செத்ததுக்கு யாரு என்னா பண்ண முடியும்? அது பஞ்ச காலம். அவரு கோணியப் பத்தி இங்க வந்து ஒரு நாளும் பேசலங்க."

"அப்ப என்னாத்துக்கு ஊர விட்டு வந்தாரு?"

அவர் என் முகத்தைப் பார்க்காமல் புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே சொன்னார். "நீங்க சொன்னத அவரால தாங்க முடியலங்க மாப்ள. 'மாமனார் சோத்துல கெடக்கறவருக்குக் கன்னு செத்தா என்னா, நின்னா என்னா? உங்க தட்டுல வேளைக்குச் சோறு விழுந்துரும்'னு சொன்னீங்களே, அத. அப்பா எதிர்ல சொன்னீங்க. அப்பாவும் அப்ப ஒண்ணும் பேசலையா, அதான் அவருக்கு மனசு விட்டுப் போச்சி. அன்னிக்கு ராத்திரி தட்டுல கை வைக்கல. அப்புறம் எங்கப்பா வூட்டுல பச்சத் தண்ணி குடிச்சதில்ல, சாவு வரைக்கும்."

நான் அன்று சொன்னதிலிருந்து ஒரு எழுத்தும் மாறவில்லை. நான் வாய்க்கு வந்தது என்று மேலே எழுதினேனே, அது இதுதான். நான் மறக்கவில்லை, சகலை. மறந்தது போல வைத்திருந்தேன். உப்பா வண்டலா என்று நாற்பது வருடமும் நான் எனக்குள் வாதாடியது, இதை யாரும் கேட்கக் கூடாது என்பதற்காகத்தானோ என்னவோ. அந்தப் பன்னும் டீயும் இப்போது என் கண்ணை விட்டுப் போக மாட்டேன் என்கின்றன. இப்போது மகள் வீட்டில் மருமகன் சம்பாத்தியத்தில் நான் சாப்பிடுகிறேன். இன்றுவரை அவர் என்னைப் பார்த்து ஒரு சொல் சொன்னதில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். அத்தனை பேர் முன்னால் கோணியை என் வாய்க்கு நீட்டியது தப்பு. தனியாகக் கூப்பிட்டுக் காட்டியிருந்தால் நாக்கில் வைத்திருப்பேன். இதில் நான் மாறவில்லை, நீங்கள் எதிரில் வந்து நின்றாலும் மாற மாட்டேன். ஆனால் நீங்கள் நீட்டியது உண்மை. நான் சொன்னது அப்படிப்பட்டது இல்லை. நிலம் இல்லாததைத் தவிர உங்களிடம் குறை எதுவும் எனக்குக் கிடைக்காததால் சொன்னது.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தேன். "இருங்க மாப்ள, ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போங்க" என்றார் லூர்துமேரி. வேண்டாம் என்றேன். பசி இல்லை என்றேன். வயிறு சரியில்லை என்றேன். அவர் எதையும் காதில் வாங்காமல் உள்ளே போய்த் தட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"இது அவரு தட்டுங்க. தனியா இருக்கறன், வேற தட்ட எல்லாம் பரண்ல போட்டுட்டன்."

சோறும் கத்தரிக்காய்க் குழம்பும். நீங்கள் வருடக் கணக்கில் யாரோ ஒருவரின் கேட்டில் நின்று கட்டிய வீட்டில், உங்கள் தட்டில், நான் கை வைத்தேன். முதல் வாய் இறங்க வெகு நேரம் ஆனது. அவர் கேட்காமலே இரண்டாம் முறை சோறு போட்டார். போதும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் தின்றேன், சகலை. மூன்று நாள் ஆகிறது. அந்தச் சோறு இன்னும் இறங்கவில்லை, அதோடுதான் மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறேன்.